பந்திக்கு வரத் தயங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

திருவிருந்து (இயேசுவின் நினைவாக அப்பமும் திராட்சரசமும் பெறும் பந்தி) நடக்கும் ஞாயிறன்று எங்கள் சபையில் சிலர் எழுந்து முன்னே வரமாட்டார்கள். பிரசங்கம் முடிந்ததும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுகிறவர்களும் உண்டு. கேட்டால் "நான் ஆயத்தமா இல்லைக்கா" என்பார்கள். முதன்முறை பந்தியில் சேருகிறவர்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறவள் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். வசனங்கள் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில்) உள்ளபடி.

கிருபை, கிருபைன்னு எல்லா பிரசங்கத்துலயும் சொல்றாங்க. அது உண்மையில என்ன?

நாம் சம்பாதிக்காததை, சம்பாதிக்கவே முடியாததை, தேவன் தாமே மனமுவந்து தருவது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. வேலை செய்தவனுக்குக் கொடுப்பது கூலி, அது கடன். கிருபை அந்தக் கணக்கில் வராது என்று ரோமர் 4:4 இன்னும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது.

கிறிஸ்து எப்போது மரித்தார் என்பதையும் கவனியுங்கள். "நாம் பாவிகளாயிருக்கையில்" என்கிறது ரோமர் 5:8. நாம் திருந்திய பிறகு அல்ல, திருந்துகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகும் அல்ல.

அதுதான் பிரச்சினையே. எனக்குத் தகுதியே இல்லையே அக்கா?

இல்லைதான். "அப்படியெல்லாம் சொல்லாதீங்க, நீங்க ரொம்ப நல்லவங்க" என்று நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. அது உதவாது, உங்கள் மனசு அதை நம்பாது.

லூக்கா 7இல் கப்பர்நகூமிலிருந்த நூற்றுக்கு அதிபதியை (நூறு படைவீரருக்குத் தலைவரை) பாருங்கள். அவருடைய வேலைக்காரன் சாகக் கிடக்கிறான். இயேசுவிடம் போன யூத மூப்பர்கள், இவர் எங்களுக்கு ஜெபஆலயம் கட்டிக்கொடுத்தவர், இந்தத் தயவுக்குப் பாத்திரர் (தகுதியுள்ளவர்) என்று சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் இயேசு வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த மனிதர் ஆளனுப்பி, "நீர் என் வீட்டுக்குள் பிரவேசிக்க நான் பாத்திரன் அல்ல" என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அவருடைய வேலைக்காரன் செத்திருப்பான். "ஒரு வார்த்தைமாத்திரம் சொல்லும்" என்று கேட்கவும் செய்கிறார். தகுதி இல்லை என்பதையும் உதவி வேண்டும் என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறார். அதைத்தான் ஆண்டவர் விசுவாசம் என்கிறார், இஸ்ரவேலிலும் இப்படிக் காணவில்லை என்கிறார்.

கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணை வாங்கப் போகுமுன் எல்லாரும் சொல்வது இந்த மனிதரின் வார்த்தைகளைத்தான்: நான் தகுதியற்றவன், ஆனால் ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும். ஆங்கிலிக்கன் வழிபாட்டிலும், மேசைக்குக் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று ஒரு பழைய ஜெபம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து உண்டு. சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போவதில்லை, அப்பத்துக்குக் கைநீட்டுகிறார்கள். "தகுதியில்லை" என்பது பந்தியில் அமருமுன் சொல்லும் ஜெபம். அதை வராமல் இருக்கக் காரணமாக்கிக்கொள்ள வேண்டாம்.

முதல்ல என்னைக் கொஞ்சம் சரிபண்ணிக்கிட்டு அப்புறம் வர்றேனே. அது தப்பா?

எண்ணம் நல்லதுதான், வரிசைதான் தவறு. இயேசு சொன்ன ஓர் உவமையில், தகப்பனிடம் வாங்கிய சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கப் போன இளைய குமாரன், பன்றிகளிடத்தில் இருந்தபடியே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான் (லூக்கா 15:18-19). அதில் மூன்று பகுதி இருக்கிறது: பாவஞ்செய்தேன், குமாரன் எனப்படப் பாத்திரன் அல்ல, என்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும். மூன்றாவதுதான் அவனுடைய திட்டம். வேலை செய்து கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டிவிடலாம்.

வீட்டுக்கு வந்து பேசும்போது, 21ஆம் வசனத்தில், முதல் இரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைக் காணோம். அதற்குள் தகப்பன் வேலைக்காரர் பக்கம் திரும்பி உயர்ந்த வஸ்திரம், மோதிரம், பாதரட்சை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தான் பாவி என்று மகன் சொன்னதைத் தகப்பன் மறுக்கவில்லை. கூலிக்காரனாகும் யோசனைக்கு மட்டும் அந்த வீட்டில் இடமில்லை. "சரிபண்ணிட்டு வர்றேன்" என்று நாம் சொல்வதும் அந்த மூன்றாவது வரிதான்.

மத்தேயு வீட்டில் ஆயக்காரரோடு (வரி வசூலிக்கிறவர்களோடு) பந்தியிருந்தபோது இயேசு சொன்னதும் இதற்குப் பொருந்தும்: "பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை." காய்ச்சல் விட்டபிறகுதான் டாக்டரிடம் போவேன் என்று யாரும் சொல்வதில்லையே.

ஆனா "அபாத்திரமாய்ப் புசித்தால் ஆக்கினைத்தீர்ப்பு"ன்னு பைபிள்லயே இருக்கு. வியாதி வரும், சாவு வரும்னுகூட போட்டிருக்கு. எனக்கு நிஜமாவே பயமா இருக்கு.

பலரை இருக்கையோடு கட்டிப்போடுவது இந்த வசனம்தான், 1 கொரிந்தியர் 11:27-30. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். தயவுசெய்து 27ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள், 17இலிருந்து படியுங்கள்.

அந்தக் காலத்தில் கர்த்தருடைய இராப்போஜனம் ஒரு முழுச் சாப்பாட்டோடு சேர்ந்து, யாராவது ஒருவருடைய வீட்டில் நடந்தது. கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் தங்கள் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிட்டார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அவர் அபாத்திரம், அதாவது தகாத விதம், என்று கண்டிப்பது இந்த நடத்தையை. பரிகாரமாக அவர் சொல்வதும் அதையே காட்டுகிறது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" (11:33). அங்கே கண்டிக்கப்பட்டவர்கள் தகுதியில்லை என்று அழுதுகொண்டிருந்தவர்கள் அல்ல. எந்தக் கூச்சமும் இல்லாமல், பக்கத்தில் பசியோடிருந்தவனைப் பார்க்காமல் தின்றவர்கள்.

28ஆம் வசனம் "தன்னைத்தானே சோதித்தறிந்து" என்கிறது. சோதித்தறிந்து எழுந்து போகும்படி அது சொல்லவில்லை; சோதித்தறிந்து "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்கிறது. 30ஆம் வசனத்தின் எச்சரிக்கை கடுமையானதுதான், அதை நான் மழுப்பவில்லை. ஆனால் 32ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும்: அந்தச் சிட்சை நாம் உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்குத்தான். அதிலும் குறி நம்மைக் காப்பதே.

எங்க தாத்தா காலத்துல எங்க ஆட்களைக் கடைசியிலதான் பந்திக்கு விடுவாங்களாம். நாங்க கீழேங்கிற அந்த நினைப்பு என்னை விட்டு இன்னும் போகலை. இதுவும் தகுதியில்லாததுதானா?

இல்லவே இல்லை. அது மற்றவர்கள் செய்த பாவம், உங்கள் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. முந்தின பதிலில் சொன்ன கொரிந்து கதையை வைத்துப் பார்த்தால், பந்தியில் ஒரு கூட்டத்தைக் காக்கவைத்துவிட்டு முந்திக்கொண்டவர்கள்தான் அந்த வசனத்தின் கீழ் நிற்க வேண்டியவர்கள்.

நம் ஊர்ச் சபைகளின் சரித்திரத்தில் இது மறைக்க முடியாத பக்கம். சாதிக்கொரு இருக்கை, பாத்திரத்தில் பங்குபெற ஒரு முறைவரிசை என்று பல இடங்களில் இருந்தது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இந்த வேறுபாடுகளை உடனடியாக, முடிவாகக் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதை எதிர்த்துச் சபையை விட்டே போனவர்கள் உண்டு. அதற்கும் வெகு முன்னமே, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) சாப்பிடுவதை விட்டுப் பேதுரு விலகிக்கொண்டபோது, பவுல் அவரை முகத்துக்கு நேரே எதிர்த்தார் (கலாத்தியர் 2:11-14). சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி நடக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. பந்தியில் யாரையும் தாழ்த்துவது அவ்வளவு பெரிய விஷயம். நீங்கள் அங்கே விருந்தாளி. யாருடைய தயவிலும் வரவில்லை, ஆண்டவர் அழைத்து வருகிறீர்கள்.

சின்ன வயசுல ஒருத்தர் எனக்குக் கொடுமை பண்ணிட்டார். அதுல இருந்து நான் அசுத்தம்னுதான் தோணுது. தேவன் என்னை மன்னிப்பாரா?

அம்மா, இதில் உங்களை மன்னிப்பதற்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் பாவம் செய்யவில்லை. உங்களுக்கு எதிராகப் பாவம் செய்யப்பட்டது. குற்ற உணர்வும் அவமான உணர்வும் மனதுக்குள் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டும் வேறு.

மாற்கு 5இல் பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்குள்ள ஒரு பெண் வருகிறாள். நியாயப்பிரமாணத்தின்படி அவள் தீட்டு. அது அவள் செய்த எதனாலும் வந்ததில்லை. யாருக்கும் தெரியாமல் பின்னாலிருந்து வஸ்திரத்தைத் தொட்டு, சுகமாகி, அப்படியே போய்விடப் பார்க்கிறாள். இயேசு விடவில்லை. திரும்பி நின்று தேடுகிறார். அவளை ஒதுக்கிவைத்திருந்த அதே ஜனங்களின் முன்னால் "மகளே" என்று கூப்பிடுகிறார்.

நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். "மன்னிச்சு மறந்துடு" என்று மட்டும் சொல்லி அனுப்புகிறவர் அதற்கு ஏற்றவர் அல்ல. இன்றும் ஆபத்து இருக்கிறதென்றால் பெண்களுக்கு 181, பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. கூப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

சரி, அப்படின்னா பாத்திரமா வர்றவங்க யாருதான்?

ஜெர்மானியத் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில் இதே கேள்வியைக் கேட்டுப் பதிலும் தருகிறார். உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளியொழுங்குதான். ஆனால் "உங்களுக்காக", "பாவமன்னிப்புக்காக" என்ற வார்த்தைகளை விசுவாசிக்கிறவரே உண்மையில் ஆயத்தப்பட்டவர் என்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு அந்த நூலைத் தமிழாக்கினார். மூன்று நூற்றாண்டுகளாக நம் மொழியில் இருக்கும் பதில் இது.

19ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் ஜான் டங்கன் என்ற எபிரெயப் பேராசிரியர் இருந்தார். திருவிருந்தில் ஒரு பெண் பாத்திரத்தை வாங்காமல் அழுதபடி தள்ளிவிட்டபோது, "எடுத்துக்கொள், அம்மா, இது பாவிகளுக்கானது" என்று அவர் சொன்னதாக ஒரு சம்பவத்தை அங்கே சொல்வார்கள். டங்கனுக்கும் தம் இரட்சிப்பைப் பற்றி அடிக்கடி சந்தேகம் வருமாம். அதனால்தான் அந்தப் பெண்ணின் தயக்கம் அவருக்கு உடனே புரிந்திருக்க வேண்டும்.

அப்போ எப்படி வேணாலும் வாழ்ந்துட்டு வந்து உட்காரலாமா?

பவுலிடமே இதைக் கேட்டிருக்கிறார்கள். ரோமர் 6:1-2இல் "கூடாதே" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார். தீத்து 2:11-12இன்படி, அவபக்தியை வெறுக்க நமக்குப் போதிப்பதே இந்தக் கிருபைதான்.

வரிசையை மட்டும் மறக்க வேண்டாம். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்பது முதலில். பணத்தைத் திருப்பிக் கொடுப்பது அடுத்து. எனக்குத் தெரிந்து, இந்தக் கேள்வியைத் தன்னைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேட்கிறவர்கள் கிருபையைத் துஷ்பிரயோகம் செய்கிறவர்களாக இருப்பது அபூர்வம்.

ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன். எந்த முகத்தோட மறுபடியும் கேக்குறது?

ஒரு நாளில் ஏழுதரம் வந்து மனஸ்தாபப்பட்டாலும் மன்னி என்று லூக்கா 17:4இல் ஆண்டவர் நமக்குக் கட்டளையிடுகிறார். நம்மிடம் இவ்வளவு எதிர்பார்க்கிறவர் தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பார் என்று நினைக்க எனக்கு வழி தெரியவில்லை.

கூடவே ஒரு நடைமுறை வேலை இருக்கிறது. குடி, ஆபாசப் படம், சூதாட்டம் போன்றவற்றை ரகசியமாக ஜெபித்தே ஜெயித்துவிடப் பார்க்காதீர்கள். ஒரு ஆளிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள் (யாக்கோபு 5:16). மருத்துவ உதவி தேவைப்படும் பழக்கமென்றால் அதையும் தேடுங்கள்.

மன்னிப்பு கேட்டுட்டேன். ஆனா மனசுல சமாதானமே வரலை. அப்படின்னா மன்னிக்கலைன்னுதானே அர்த்தம்?

அப்படி அர்த்தமில்லை. "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" (1 யோவான் 3:20). மன்னிப்பு அவருடைய வார்த்தையில் நிற்கிறது. அன்றைய தினம் நமக்கு இருக்கும் மனநிலை அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. சமாதானம் பல நேரம் பின்னாலேதான் வரும்.

சொன்ன பாவத்தையே சரியாச் சொன்னேனா, ஏதாவது விட்டுட்டேனான்னு ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கு. ஜெபத்தை முதல்ல இருந்து திரும்பத் திரும்பச் செய்றேன்.

உங்களுக்கு முந்தின பதில் போதாது. இது வேறு விஷயமாக இருக்கலாம். இயேசு சபைத் துறவிகளின் நிறுவனர் லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது, அறிக்கையிட்ட பாவங்களையே மறுபடி மறுபடி அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வரை போனார். லூத்தரும் துறவியாக இருந்தபோது மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்து தம் மேலாளர் ஸ்டௌபிட்ஸை அலுக்கவைத்தார்.

இன்று மருத்துவர்கள் இப்படிப்பட்ட பலருக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருப்பதைக் கண்டுபிடித்துச் சிகிச்சை தருகிறார்கள். நல்ல பலனும் கிடைக்கிறது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசாங்க இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். இன்னும் அதிகமாக உபவாசம் இருக்கச் சொல்லி யாராவது புத்திமதி சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள், அது சுழலை இறுக்கும்.

மன்னிக்கவே படாத பாவம்னு ஒண்ணு இருக்கே. அதை நான் செஞ்சிட்டேனோ?

மாற்கு 3:28-30. ஆண்டவர் பிசாசுகளைத் துரத்துவதைக் கண்ணாரக் கண்டும், அவருக்கு அசுத்த ஆவி இருக்கிறது என்று தெரிந்தே சொன்ன வேதபாரகரை (நியாயப்பிரமாணம் கற்பித்தவர்களை) பார்த்துச் சொன்னது அது. அவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிக் கவலையே இல்லை. உங்களுக்கு இருக்கிறது. தன்னையறியாமல் மனதில் வந்துபோகும் கெட்ட எண்ணம் இதில் சேராது. அது விடாமல் வந்துகொண்டே இருந்தால் முந்தின பதிலைப் படியுங்கள்.

பேதுருவும் இயேசுவைத் தெரியாதுன்னு மறுதலிச்சார், யூதாசும் அவரைக் காட்டிக்கொடுத்தான். ரெண்டு பேரும் வருத்தப்பட்டாங்க. பேதுருவுக்கு மட்டும் ஏன் கிருபை?

எனக்கு வந்ததிலேயே கடினமான கேள்வி இது. யூதாஸ் உண்மையாகவே மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான், "பாவஞ்செய்தேன்" என்றும் சொன்னான் (மத்தேயு 27:3-5). ஆனால் சொன்னது பிரதான ஆசாரியரிடம். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த பதில். பாவ அறிக்கையைக் கேட்டு ஒருவர் சொல்லக்கூடிய மகா கொடிய வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். அவன் முடிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் இயேசுவிடம் திரும்பிப்போக அவன் காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பேதுரு காத்திருந்தார். அவர் மறுதலித்தது கரிநெருப்பண்டையில் குளிர்காய்ந்தபோது (யோவான் 18:18). யோவான் 21இல் திபேரியா கடற்கரையில் இன்னொரு கரிநெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா?" என்று ஆண்டவர் கேட்டது அதற்கு அப்புறம். முதலில் சொன்னது "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்". விசாரணைக்கு முன்னே சாப்பாடு போடுகிறார்.

கல்யாண வஸ்திரம் இல்லாதவனை வெளியே தள்ளினாங்களே. அது நான்தானோ?

ராஜாவின் கல்யாண விருந்தைப் பற்றி இயேசு சொன்ன உவமை அது. மத்தேயு 22:10ஐப் பாருங்கள். "நல்லார் பொல்லார் யாவரையும்" கூட்டிவந்தார்கள், பொல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். ஆகவே அந்த வஸ்திரம் நன்னடத்தைச் சான்றிதழாக இருக்க முடியாது. ஏசாயா 61:10 "இரட்சிப்பின் வஸ்திரங்களை எனக்கு உடுத்தி" என்கிறது, உடுத்துகிறவர் அவர். என் சொந்தத் துணியே போதும் என்று உட்காருகிறவருக்குத்தான் அந்த உவமையில் எச்சரிக்கை. மேலே பார்த்த இளைய குமாரனுக்கும் வஸ்திரம் தகப்பன் வீட்டில்தான் கிடைத்தது.

அண்ணனோட சொத்துத் தகராறு, பேசியே ரொம்ப காலமாச்சு. நான் வரலாமா?

முதலில் அண்ணனிடம் போங்கள். மத்தேயு 5:23-24 இதில் சுற்றிவளைக்கவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொல்கிறது, அப்புறம் "வந்து" செலுத்தச் சொல்கிறது. நீங்கள் போயும் அவர் கதவைச் சாத்திக்கொண்டால் அது உங்கள் பொறுப்பு அல்ல (ரோமர் 12:18). கேஸ் நடந்துகொண்டிருக்கிறது என்பதாலேயே வருஷக்கணக்கில் பந்தியை விட்டு நிற்க வேண்டாம். போதகரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வர முடிவு பண்ணிட்டேன். என்ன செய்யணும்? குடியை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகுது, திராட்சரசம்னாலே பயம்.

சனிக்கிழமை ஆயத்த ஆராதனை இருந்தால் அதற்கு வாருங்கள். இல்லையென்றால் வீட்டில் சங்கீதம் 51ஐ மெதுவாக வாசித்து, தெரிந்த பாவத்தைப் பெயர்சொல்லி அறிக்கையிடுங்கள். ஒருமுறை போதும். ஞாயிறு பொதுப் பாவ அறிக்கைக்குப் பின் ஆயர் பாவமன்னிப்புக் கூறும்போது அது உங்களுக்கும் சேர்த்துத்தான் என்று கேளுங்கள். நீங்கள் கத்தோலிக்கர் என்றால், கனமான பாவம் இருக்கும்போது ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுவது) முதலில். பங்குத்தந்தையிடம் நேரம் கேளுங்கள், மறுக்கமாட்டார்.

திராட்சரசத்தைப் பற்றி: நம் பக்கத்துச் சபைகள் பலவற்றில் புளிக்காத ரசம்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் முன்கூட்டியே ஆயரிடம் கேட்டுவிடுங்கள். வேறு ரசமாக இருந்தால் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதனால் உங்கள் பங்கு குறையாது. ஆராதனைக்கு முன்பே அவரிடம் சொல்லிவைத்தால் பாத்திரம் உங்கள் பக்கம் வரும்போது பேசாமல் கடந்து போய்விடுவார். பக்கத்தில் முழங்காலிடுகிறவருக்குக்கூடத் தெரியாது.